விலங்கென்று நினைத்துச் சுட்டார்களாம்!

கனம் தலைவர் மீரா சாகிப் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! திரைக்கு அப்பால், கணவரை இழந்து அமர்ந்திருக்கும் ஹபீபா பீவி அம்மையாரே! தந்தையை இழந்த சபூராவே! படவுக்காரத் தெருவிலிருந்தும், பாகான் டாலாமிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் படகுத் தொழிலாளர்களே! புக்கிட் மெர்தாஜாமிலிருந்து காலை ரயிலேறி, பெர்ரி தாண்டி வந்திருக்கும் மலையடிவாரத்து மக்களே! மகாஜனங்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

என் பெயர் அய்யாக்கண்ணு. இந்தத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பதினாறு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். எனக்கு இங்கே பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேடையேறும்போது தலைவர் அவர்கள் என் கையைப் பிடித்து, "கிராணியாரே, துக்கத்துக்குக் கூடியிருக்கோம். கொஞ்சம் பதமாப் பேசுங்க" என்றார். தலைவரிடத்தில் எனக்கு மரியாதை உண்டு. அவர் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. இன்றைக்குத் தட்டுகிறேன், மன்னிக்க வேண்டும்.

பதமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை, ஐயா! எப்படி வரும்? இன்றைக்கு இருபத்து மூன்று நாளைக்கு முன்பு, காலை பத்து மணிக்கு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு மரத்தடியில் நின்ற மனிதரை நெஞ்சில் சுட்டார்கள். போன வெள்ளிக்கிழமை மரண விசாரணை முடிந்தது. முடிவு என்ன? தவறுதலாம்! விலங்கென்று நினைத்துச் சுட்டுவிட்டாராம்! கை தவறிக் கோப்பை உடைந்தது என்பதைப் போல ஒரே சொல்லில் முடித்து, காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

சுடப்பட்ட சாராங் முகம்மது சுல்தான் யார் என்று அந்த விசாரணையில் ஒருவர் கேட்டாரா? ஒருவர் கேட்கவில்லை! "முன்பு சிறை சென்றவர், மலையில் திரிந்துகொண்டிருந்தவர்" என்று ஒன்றரை வரி எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கேட்காத கேள்விக்கு நான் இங்கே பதில் சொல்கிறேன். கேளுங்கள்.

பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயதில் பினாங்குக்குக் கப்பலேறி வந்தார். நமது துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கு கொண்டுபோவது தொங்காங்குகள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொங்காங்கில் மூட்டை தூக்கி, துடுப்புப் போட்டு, சுக்கான் பிடித்து, நாற்பதாவது வயதில் சொந்தமாக ஒன்று வாங்கி, அதற்குத் தாமே சாராங் ஆனார். படகின் தலைவர். அவர் ஏற்றிய அரிசி நனைந்ததில்லை. அவர் ஏற்றிய பீங்கான் உடைந்ததில்லை. நமது துறைமுகத்தில் எந்தக் கிராணியையும் கேளுங்கள், "சுல்தான் படகா? அப்படியானால் கவலையில்லை" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். அந்தக் காலத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது கூண்டுகள் வரும். கெடாவிலிருந்து, பேராக்கிலிருந்து, சயாம் எல்லையிலிருந்து. சீமையிலுள்ள காட்சிசாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் பணக்காரர் தோட்டங்களுக்கும் போகிற காட்டு உயிர்கள். சிறுத்தைக் குட்டி வரும், இருவாட்சிப் பறவை வரும், தும்பிக்கை நறுக்கினாற்போல மூக்குள்ள தெனூக் வரும். எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தவை உங்காக்கள். வாலில்லாமல், காலைவிடக் கை நீளமாக, மரத்துக்கு மரம் பறப்பதுபோலத் தாவுமே, அந்தக் குரங்குகள். பெரியவற்றைப் பிடிக்க முடியாது. எனவே வருவதெல்லாம் குட்டிகள். நான் தாளில் எழுதுவேன்: "உயிருள்ள சரக்கு. இத்தனை உருப்படி." முத்திரை குத்துவேன். ஆம், ஐயா, குத்தியவன் நான்தான்!

அன்றைக்குப் பதினெட்டுக் கூண்டு. கப்பல் வருவதற்குத் தாமதம். வெயிலில் சுல்தானுடைய தொங்காங்கிலே கூண்டுகள் கிடந்தன. அவர் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தெளித்துக்கொண்டு வந்தார். ஒரு கூண்டின் முன்னால் நின்றுவிட்டார். உள்ளே குட்டி எதையோ இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்திருந்தது. கூண்டுகளைக் கொண்டுவந்த வியாபாரியின் ஆளைக் கூப்பிட்டார்.

"அது என்னலா, துணியா?"

"தோலு, சாராங். தாயோட தோலு. ஒரு துண்டு அறுத்து உள்ள போட்டுட்டா அதைப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கும். கத்தாது."

"தாயி எங்க?"

அந்த ஆள் சிரித்தானாம். "தாயி இருந்தா இது எப்படி கூண்டுக்கு வரும்?"

தாயை மரத்தில் சுட்டு வீழ்த்த வேண்டும். மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டியைப் பிய்த்தெடுக்க வேண்டும். இதுதான், மகாஜனங்களே, சீமைச் சீமாட்டிகள் விசிறிக்கொண்டே வேடிக்கை பார்த்த அந்தக் காட்சியின் பின்பக்கம்!

கப்பல் வந்து சேர்ந்தபோது ஏழு குட்டிகள் செத்திருந்தன. கடலில் வீசச் சொன்னார்கள். நான் பதினெட்டை அடித்துப் பதினொன்று என்று எழுதினேன். சுல்தான் என் மேஜைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என் முன்னால் உட்காராமலே நின்றார்.

"கிராணியாரே, செத்ததை எந்தத் தாளில எழுதுவீங்க?"

"செத்ததை எழுதறதில்லை, சாராங். ஏத்தினதைத்தான் எழுதறது."

"அப்ப இந்த ஏழும் எங்கயுமே இல்லையா?"

நான் முத்திரையை எடுத்து அடுத்த தாளில் குத்தினேன். அவர் போய்விட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் பெர்ரி ஏறினார், ரயில் ஏறினார், உங்கா இருந்த மலை என்று கேள்விப்பட்டுப் புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்துக்குப் போனார். அங்கே டுரியான் தோப்பு வைத்திருக்கும் சித்தி ஹாஜரா என்று பெயருள்ள அக்காவைச் சந்தித்தார். தமிழ்த் தகப்பனாருக்கும் மலாய்த் தாயாருக்கும் பிறந்தவர் அக்கா. இதோ, பெண்கள் பகுதியில் இருக்கிறார். அவரிடம் சுல்தான் கேட்டது ஒரே கேள்வி: "இங்கே உங்கா இருக்கா, அக்கா?"

"இருந்துச்சி தம்பி. நான் கல்யாணமாகி வந்த காலத்துல விடிஞ்சா மலை முழுக்க அதுங்க பாட்டுத்தான். சுட்டுச் சுட்டு இப்ப ஒண்ணுமில்ல. ஒரு குட்டி உசிரோட கூண்டுக்குப் போவணும்னா நாலஞ்சு தாயி விழும். சில நேரம் தாயோட சேர்ந்து குட்டியும் சாவும். அந்தக் கணக்கை யாரு பார்க்கிறா?"

சுல்தான் திரும்பி வந்து படகுக்காரர்களைக் கூட்டினார். "இனிமே நான் கூண்டு ஏத்த மாட்டேன்" என்றார். வேறு பிரசங்கம் செய்யவில்லை. சிரித்தார்கள். மேடையில் இருக்கும் இரண்டு தொங்காங் முதலாளிகள் என்னை மன்னிக்க வேண்டும். மூன்று மாதம் அந்த மனிதருக்குச் சரக்கே கிடைக்காமல் செய்தவர்களில் நீங்களும் உண்டு! அன்றைக்கு அவரைப் பைத்தியக்காரர் என்றீர்கள். இன்றைக்கு அவர் படத்துக்கு ரோஜா மாலை கொண்டுவந்திருக்கிறீர்கள். வந்தமைக்கு நன்றி. ஆனால் மாலையை உயிரோடு இருந்தவரின் கழுத்தில் போட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

மறு வருஷம் ஒரு நாள் வேறு படகு கிடைக்காமல், ஏஜென்சி ஒன்பது உங்காக் குட்டிகளை அவருடைய தொங்காங்கில் ஏற்றச் சொல்லி உத்தரவு போட்டது. மறுத்தால் உரிமம் போய்விடும் என்றார்கள். சுல்தான் சரி என்றார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஒன்பது கூண்டும் ஏறின. படகு புறப்பட்டது. கப்பல் நின்றது தெற்கே. சுல்தான் சுக்கானைக் கிழக்கே திருப்பினார்!

படகில் இருந்தவர்களிடம், "இறங்கறவன் இப்பவே சொல்லு, பக்கத்துப் படகுல ஏத்தி விடறேன்" என்றாராம். ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. அந்த ஐந்து பேரில் மூன்று பேர் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள், கமாலுதீன்! வெட்கப்படாமல் நில்லுங்கள்! பட்டப்பகலில், கப்பல் ஊதல் ஊத, ஏஜென்சி மாடியிலிருந்து துரை கைக்குட்டையை ஆட்டிக் கத்த, அந்தத் தொங்காங் கடலைக் கடந்து பாகான் டாலாம் கரையில் போய் ஒதுங்கியது. அங்கிருந்து மாட்டு வண்டியில் கூண்டுகளை ஏற்றி மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனார். மலையிலே கூண்டுகளைத் திறந்துவிட்டார். மறுநாள் காலை தாமே படகை ஓட்டிக்கொண்டு வந்து வெல்ட் கீ படித்துறையில் கட்டிவிட்டு, காத்திருந்த போலீஸ்காரரிடம், "நான்தான், வாங்க" என்றார்.

திருட்டு வழக்கு. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? இதோ, உங்கள் முன்னால் நிற்கிறேனே, நான்! தாளைப் படித்தேன். "ஒன்பது உருப்படி ஏற்றப்பட்டது, கப்பலை அடையவில்லை." உண்மைதான். எழுத்துக்கு எழுத்து உண்மை. வழக்கை விசாரித்த நீதிபதித் துரை கேட்டார்: "பிறருடைய பொருளை எடுத்தாயா?"

சுல்தான் நிமிர்ந்து நின்று சொன்னார்: "துவான், அதுங்களை மொதல்ல திருடினவன் யாருன்னு கேளுங்க. அவனை விசாரிச்சி முடிச்சிட்டு அப்புறமா என்னைக் கேளுங்க."

ஆறு மாதம். உரிமம் ரத்து. இருபத்தொரு வருஷ உழைப்பில் வாங்கிய தொங்காங் சேற்றில் கிடந்து மக்கியது.

இரங்கல் கூட்டத்தில் இறந்தவருடைய குறையைச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லப் போகிறேன். அவர் இருந்தால் சொல்லச் சொல்லுவார். அவர் திறந்துவிட்ட ஒன்பது குட்டிகளில் ஐந்து, ஒரு வாரத்துக்குள் செத்துவிட்டன. குட்டிகளுக்கு மரமேறத் தெரியவில்லை. எதைத் தின்பது என்று தெரியவில்லை. தரையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தனவாம். மிச்சம் நான்கை ஹாஜரா அக்கா தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார். அந்தச் செய்தியைச் சிறைக்குக் கொண்டுபோய்ச் சொன்னவனும் நான்தான். மன்னிப்புக் கேட்கப் போனவன், இதையும் சேர்த்துச் சொன்னேன்.

கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு, "அஞ்சும் என் கையால போச்சு, கிராணியாரே. கதவைத் திறந்துட்டா போதும்னு நெனச்சேன்" என்றார்.

"என் சாட்சியாலதான் நீங்க உள்ள வந்தீங்க" என்றேன்.

"எழுதினதைத்தானே படிச்சீங்க. பொய்யி சொல்லலையே. ஒண்ணு செய்யுங்க. அடுத்த கப்பலுக்குச் செத்ததையும் எழுதுங்க."

எழுதினேன், மகாஜனங்களே! அடுத்த கப்பலுக்கு, "ஏற்றுமுன் இறந்தவை நான்கு" என்று எழுதினேன். அதற்கடுத்த கப்பலுக்கு ஆறு. மூன்றாவது கப்பல் வரவில்லை எனக்கு. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாள்களின் நகலை வைத்து மகஜர் எழுதினோம். முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டோம், கைநாட்டு வைத்தோம். ஓர் அதிகாரி வந்தார். கூண்டுகளைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். அறிக்கை எழுதினார். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. அலமாரிக்குப் பூட்டும் போட்டார்கள்! காட்டு விலங்குகளைக் காக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. சட்டமும் இருக்கிறது, சட்டத்தைத் தாண்டிப் போக அனுமதிச் சீட்டும் இருக்கிறது. சட்டம் ஏழைக்கு, சீட்டு பணக்காரனுக்கு!

சுல்தான் வெளியே வந்தார். காலையில் மூட்டை தூக்கினார், கூலிக்கு. வாரத்தில் இரண்டு நாள் மலைக்குப் போனார். தப்புச் செய்தோம், திருத்த வேண்டும் என்று போனார். ஹாஜரா அக்காவின் தோப்பில் மரங்களுக்கிடையே கயிறு கட்டி, அந்த நான்கு குட்டிகளுக்குக் கைவிட்டுக் கை தாவப் பழக்கினார்கள். ஐம்பது வயதில் சுல்தான் மரமேறி, கிளையில் தொங்கிக் காட்டினார். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஹபீபா பீவி அம்மையார் தைலம் தேய்த்தே சலித்துப் போனார். வாழைப்பழத்தை நிறுத்தி, காட்டு அத்தியைக் கொடுத்தார்கள். மலையில் அத்தி போதவில்லை. மரவள்ளி போட்டுப் போட்டு மண் செத்து, கைவிட்டுப் போன ஒரு சரிவு அங்கே இருந்தது. அதில் அத்திக் கன்றும் காட்டு மாங்கன்றும் நட்டார்கள். நட்டதில் பாதியைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டது. மறுபடி நட்டார்கள்.

பின்வரிசையில் ஒருவர் ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லுங்கள், ஐயா. "மனுஷனே வேலையில்லாம ஊருக்குத் திரும்பிப் போறான், குரங்குக்கு என்ன கூட்டம்" என்கிறார். உட்காருங்கள், உட்காருங்கள்! அவரை யாரும் பிடித்து இழுக்க வேண்டாம். நியாயமான கேள்வி. முப்பத்தோராம் வருஷம் ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக நம் ஜனங்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினபோது, புக்கிட் மெர்தாஜாம் பாசாரில் வைத்து இதே கேள்வியைச் சுல்தானிடம் கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"அண்ணே, தோட்டத்துல உங்க பேரை அடிச்சது உங்காவா? காட்டை வெட்டினவனும், உங்களைக் கூட்டியாந்தவனும், வேணாம்னு திருப்பி அனுப்பறவனும் ஒரே ஆளுண்ணே. அவனை விட்டுட்டு அதுங்க மேல எதுக்குக் கோவம்? வாங்க, ஹாஜரா அக்கா கஞ்சி ஊத்தறாங்க. குடிச்சிட்டு, இஷ்டமிருந்தா கண்ணி பிடுங்க வாங்க."

போனார்கள்! வேலையிழந்த முப்பது பேர் போனார்கள். கஞ்சி குடித்தார்கள். மலை முழுவதும் வேட்டைக்காரர்கள் வைத்திருந்த கம்பிக் கண்ணிகளைப் பிடுங்கினார்கள். முதல் மழைக்காலத்தில் மட்டும் நானூறுக்கு மேலே. கேட்ட ஐயாவே, அந்த முப்பது பேரில் பலர் உங்களுக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்து அவர்களைக் கேளுங்கள்.

முப்பத்திரண்டாம் வருஷம், மார்ச் மாதம் என்று நினைவு. காலை ஏழு மணி இருக்கும். தோப்பில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மேலே, அந்தச் சரிவுக்கு அப்பால், ஒரு குரல் எழுந்தது. மெதுவாக ஆரம்பித்து, ஏறி, ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியது. அதற்குப் பதிலாக இன்னொரு குரல். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் உங்காப் பாட்டு. பல வருஷமாக அந்த மலை கேட்காத பாட்டு. சுல்தான் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தார்.

"அக்கா... நம்ம பிள்ளைங்களா?"

"பின்ன யாருலா தம்பி, உன் மாமியாரா?" என்றார் ஹாஜரா அக்கா. சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டார்.

பிறகு படகுக்காரர்கள் இரக்கப்பட்டு, பிழைக்காதென்று கூண்டிலிருந்து ஒதுக்கிப் போட்ட குட்டிகளை ஒன்றும் இரண்டுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிழைத்தவை பிழைத்தன. இந்த வருஷம் அந்த மலையில் பத்து உங்காக்கள். ஏப்ரலில் பதினொன்றாவது பிறந்தது. கூண்டையே பார்க்காத குட்டி. அந்த மலையிலேயே பிறந்த குட்டி! சுல்தான் அதைப் பார்க்க விரதம் போலப் போய்வந்தார். "கிராணியாரே, இது யாருக்கும் சரக்கில்லை" என்று என்னிடம் சொன்னார்.

வியாபாரிக்கும் செய்தி போய்விட்டது. வியாபாரியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சொல்லவில்லை. இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அவருக்கு வேட்டை ஆள் உண்டு, ஆளிடம் துப்பாக்கி உண்டு, துப்பாக்கிக்கு உரிமம் உண்டு. அந்த ஆள் அன்று காலை பத்து மணிக்கு மலையில் ஏறினார். தாயும் குட்டியும் அத்தி மரத்தில் இருந்தன. சுல்தான் அதன் அடியில் இருந்தார்.

ஹாஜரா அக்கா நாற்பது அடி தூரத்தில் நின்று பார்த்தார். சுல்தான் மரத்துக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்தார். "ஜாங்ஙான் தெம்பாக்!" என்று மலாயில் கத்தினார். "சுடாதே!" என்று தமிழில் கத்தினார். "நோ சூட்! நோ சூட்!" என்று கப்பலில் கற்ற இங்கிலீஷில் கத்தினார். அதற்குப் பிறகுதான் வெடித்தது.

விலங்கென்று நினைத்தாராம்! வெள்ளைச் சட்டை போடும் விலங்கு எது? மூன்று பாஷையில் கத்தும் விலங்கு எது? கண்ணால் கண்ட ஹாஜரா அக்கா விசாரணையில் போய்ச் சொன்னார். "வயதான ஸ்திரீ, அச்சத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்" என்று தள்ளிவிட்டார்கள். அச்சமா? அந்த அம்மாள் துப்பாக்கியைப் பார்த்து ஓடவில்லை. சுல்தானை நோக்கி ஓடினார்! தலையை மடியில் வைத்துக்கொண்டவர் அவர். சுட்டவர்தான் காட்டுக்குள் ஓடினார். யாருக்கு அச்சம்?

இன்னொன்று சொல்லுகிறேன். விலங்கென்று நினைத்தேன் என்றதும் அந்தக் கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்களே! விலங்காக இருந்தால் சுடலாமா? யார் சொன்னது? அந்த மலையில் விலங்கைச் சுடவும் அவருக்குச் சீட்டு இல்லை! விலங்காக இருந்தாலும் குற்றம், மனிதராக இருந்தாலும் குற்றம். இரண்டு குற்றத்தையும் ஒன்றுக்கொன்று கழித்து, ஒன்றுமில்லை என்று விடை எழுதிவிட்டார்கள். விலங்கானால் சுடலாமா? ஏழு வருஷம் சுல்தான் கேட்டது இந்த ஒரு கேள்விதான். அவர்கள் கேள்வி புரியாத மாதிரியே இருந்து, கேட்டவரை முடித்துவிட்டார்கள்.

தாயும் குட்டியும் தப்பிவிட்டன. நேற்று ஹாஜரா அக்கா மலை முதுகில் பார்த்திருக்கிறார்.

தோழர்களே! மேல்விசாரணை கேட்டு விண்ணப்பம் தயாராகிவிட்டது. வக்கீல் ஒருவர் கூலி வாங்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். மலையில் கண்ணி பிடுங்கும் வேலை நிற்காது, இனி வாரத்தில் ஏழு நாளும் ஆள் இருக்கும். அத்திக் கன்று இருநூறு தோப்பில் காத்திருக்கிறது, மழைக்கு முன் நட வேண்டும். இவை எல்லாவற்றையும் செய்வோம் என்று உங்கள் சார்பில் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. இன்று காலை வெல்ட் கீயில் ஒரு கிடங்கின் ஓரம் கித்தான் போர்த்திக் கூண்டுகள் அடுக்கியிருந்தன. தூக்கிப் பார்த்தேன். பதினான்கு. எல்லாம் உயிரோடு இருக்கின்றன. வியாழக்கிழமை காலை கப்பல் வருகிறது. சுல்தானை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள்! நாம் அழுது முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவோம் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வருமுன் ஹபீபா பீவி அம்மையாரைப் பார்க்கப் போனேன். கதவுக்கு உள்ளேயிருந்தே பேசினார். இத்தனை வருஷத்தில் துறைமுகத்துப் பக்கம் காலெடுத்து வைக்காதவர். "கிராணியாரே, வியாழக்கிழமை நான் படித்துறைக்கு வரேன். முன்னால நிக்கிறேன். கூண்டு ஏத்தறவங்க என்னைத் தாண்டி ஏத்தட்டும்னு சொல்லுங்க" என்றார். ஒரு தாளில் அரபுத் தமிழில் தம் கைப்படப் பெயர் எழுதிக் கொடுத்தார். அதன் கீழே சபூரா எழுதியிருக்கிறாள். அதன் கீழே ஹாஜரா அக்காவின் பெருவிரல் ரேகை.

தாள் இதோ இருக்கிறது. மேடையிலிருந்து கீழே அனுப்புகிறேன். முன்வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசை வரையில் போகட்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள், தெரியாதவர்கள் விரலை வையுங்கள். வியாழக்கிழமை, காலை ஏழு மணி, வெல்ட் கீ. கமாலுதீன், பேனா உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் முதலில் எழுதுங்கள்.